எங்கே என்று கேட்காத வீடு

செப்டம்பர் 2, திங்கள்

வலி: பத்துக்கு ஏழு. நடை: படுக்கையறையிலிருந்து சமையலறை வரை, நாலு தடவை.

முட்டி மாற்று அறுவை முடிந்து பதின்மூன்று நாள் ஆகிறது. இந்த நோட்டைக் கொடுத்தவள் எனக்கு நடை பழக்க வரும் மிஸ் ஹுய் லிங். தினமும் வலி எவ்வளவு, நடை எவ்வளவு, இரண்டே எண் எழுதினால் போதும் என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே எண்களுக்குக் கீழே நான் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அறுபத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் ரகசிய இடம் இது.

ஆறு வாரத்துக்குள் நான் துணையில்லாமல் மெலோர் எல்ஆர்டி ரயில் நிலையம் வரை நடக்க வேண்டுமாம். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து கூப்பிடு தூரம்தான். மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளத்தைக் கடந்து, கூரை போட்ட நடைபாதையில் போனால் கோப்பிக் கடை; அதைத் தாண்டினால் நிலையத்தின் தூண்கள். என் கணவர் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து முந்நூற்றுத் தொண்ணூறு அடி என்றார். அவருடைய அடி நீளம். எனக்கு ஐந்நூறுக்குக் குறையாது. மெலோர் என்றால் மலாயில் மல்லிகை. இந்த வட்டப் பாதையில் எல்லா நிலையத்துக்கும் பூப்பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நிலையத்தடியில் பூத்துக் கிடப்பவை சைக்கிள்கள்.

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். ஆனாலும் காலையில் அவர் தரையில் உட்கார்ந்து எனக்குக் காலுறை மாட்டிவிட்டபோது, இந்த மனிதரைக் கொடுத்ததற்கு முருகனுக்கு நன்றி சொன்னேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

செப்டம்பர் 4, புதன்

வலி ஏழு. நடை: சமையலறை வரை, ஆறு தடவை.

சமையலறைச் சன்னலுக்கு நேரே ரயில் போகிறது. நாங்கள் நாலாவது மாடி. தண்டவாளமும் அதே உயரம். இரண்டே பெட்டி, ஓட்டுநர் கிடையாது, பொம்மை வண்டி மாதிரி வளைந்து வளைந்து வரும். இருபத்தைந்து வருஷம் முன்னால் இந்தப் பாதை போட்டபோது, வருகிறவன் போகிறவன் எல்லாம் என் அடுப்படியைப் பார்ப்பானா என்று புளோக் முழுக்கக் கையெழுத்து வாங்கியவள் நான். பிறகு வந்த வண்டிகளில் ஒரு வித்தை இருந்தது. வீடுகளுக்குப் பக்கத்தில் வரும்போது பெட்டியின் சன்னல் தானாகப் பால் மாதிரி வெளுத்துவிடும். உள்ளே இருப்பவருக்கு நாம் தெரிய மாட்டோம். நமக்கும் அவர்கள் தெரிய மாட்டார்கள். வேதநாயகி போட்ட சத்தத்தில்தான் அது வந்தது என்று எங்கள் புளோக்கில் ரொம்ப நாள் பேச்சு. நான் மறுக்கவில்லை.

காலை 7.40 வண்டி போகும்போது சமையலறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும். அப்போது சன்னலோரம் நின்று பயிற்சி செய்கிறேன். மகள் சாருமதி எட்டரைக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டியவள், எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

வலி ஆறு. நடை: வாசல் வரை, மூன்று தடவை.

இவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பேருந்துப் பணிமனையில் இருந்தார். இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, "வேதா, போய்ட்டு வரேன்" என்று கிளம்புகிறார். ஏழரைக்குத் திரும்புகிறார். எங்கே என்று நான் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் ஆகாது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்கலாம். என் அம்மா அப்படித்தான் கேட்பாள். நானும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டுக் காக் ரொஹானிக்கு இந்த நியாயமெல்லாம் கிடையாது. காக் என்றால் அக்கா; என்னைவிட எட்டு வயது மூத்தவர். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே யார் தாழ்வாரத்தில் போனாலும் "பெகி மனா?" என்பார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். மலாய்க்காரர்களுக்கு அது நாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போல. முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது. இன்றும் இவர் லிஃப்ட் பக்கம் திரும்புவதற்குள் காக் கேட்டுவிட்டார். இவர் நின்று நிதானமாக என்னமோ பதில் சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

வலி ஆறு. மழை. காக் ரொஹானி கோழி சூப் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

வலி ஐந்து. நடை: தாழ்வாரத்தில் லிஃப்ட் வரை, ஒரு தடவை.

உயரமான முக்காலியில் உட்கார்ந்து இன்று நானே சமைத்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு கரண்டி பிடித்ததில் அழுகை வந்துவிட்டது. கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல். மீனும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தையிலிருந்து இவர் நல்ல இறால் வாங்கி வந்திருந்தார். இவருக்கு இறால் என்றால் உயிர். அதைச் செய்யாமல் உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது, "ஒரு டப்பால கூடக் கொஞ்சம் வையேன்" என்றார்.

"கூட்டாளிக்கா?"

"ஆமா."

"அந்தக் கூட்டாளி நல்லா சாப்பிடறாரா?"

"இளைச்சிருக்கு" என்றார் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

நாலு டப்பா வைத்தேன். அந்தக் கூட்டாளிக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது.

செப்டம்பர் 17, செவ்வாய்

வலி ஐந்து. நடை: லிஃப்ட் வரை, ஐந்து தடவை.

ஹுய் லிங் வந்தாள். நோட்டைப் புரட்டி, எண்களுக்குக் கீழே இவ்வளவு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். முட்டியைப் பற்றித்தான் என்றேன். முட்டியைப் பற்றி இவ்வளவு எழுதிய நோயாளியை அவள் பார்த்ததே இல்லையாம். என் கால் மடங்கும் அளவைக் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிவாதம் அதிகம், முட்டிக்கு அது நல்லது" என்றாள். முட்டிக்கு மட்டும்தான் என்று என் கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

அவள் போனபின் யோசித்தேன். சாரு வீட்டை விட்டுப் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. இதே வட்டப் பாதையில், தெராத்தாய் நிலையத்துப் பக்கம், கூடப் படித்தவளோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். தெராத்தாய் என்றால் தாமரை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அறுவைக்கு நான் மருத்துவமனையில் கிடந்தபோது இரண்டாம் நாள் பிற்பகல் தூங்கி எழுந்தேன். தலைமாட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள், நார் ஒன்றுகூட இல்லாமல். தாதி வைத்தாள் என்று இவர் சொன்னார். சரி என்று தின்றுவிட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

வலி நாலு. நடை: கோப்பிக் கடைக்குப் பாதி வழி. இவரும் கைத்தடியும் துணை.

ஐந்து வாரத்துக்குப் பிறகு பூமியை மிதித்தேன். கீழ்த்தளத்தில் சீனக் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நடைபாதைக் கூரைக்கு அப்பால் வெயில், தூங்குமூஞ்சி மரத்தடியில் வேகவைத்த கடலை விற்கும் அம்மாள், ரயில் பாலத்து நிழலில் குறுக்கும் நெடுக்கும் மைனாக்கள். நான் படுத்துக் கிடந்தபோதும் இதெல்லாம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தவனுக்கு நன்றி.

பாதி வழியில் கால் நடுங்கியது. தலைக்கு மேலே வண்டி போயிற்று. "இன்னைக்கு இது போதும்" என்றார் இவர். திரும்பிவிட்டோம்.

செப்டம்பர் 26, வியாழன்

வலி நாலு.

காக் ரொஹானி உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் கொண்டுவந்தார். நாங்கள் பேசுவது சந்தை மலாய். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மக போனதும் உனக்கு வெறிச்சுன்னு இருக்கும், வேதா" என்றார்.

"அவ போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, காக். பழகிப்போச்சு."

"தெராத்தாய் எல்லாம் ஒரு தூரமா? நான் ஹோபார்ட்டைச் சொல்றேன். மூணு வருஷ வேலையாமே. அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி பிளேன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு."

கையிலிருந்த கறிபாப்பை முழுசாகத் தின்று முடித்தேன். பிறகு, "ஆமா, தெரியும்" என்றேன். "உங்ககிட்ட எதுக்குச் சொன்னாரு?"

"எதுக்குன்னா? தினமும் எங்க போறீங்கன்னு கேக்கறேன். மகளைப் பாக்கப் போறேம்பாரு. திரும்பி வரும்போது எப்படி இருக்கான்னு கேப்பேன். சொல்வாரு." என் முகத்தைப் பார்த்தார். "நான் கேக்கக் கூடாதா?"

கேளுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது.

செப்டம்பர் 27, வெள்ளி

வலி எட்டு. முட்டியில் இல்லை. ஹுய் லிங்குக்காக நாலு என்று எழுத வேண்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வலி நாலு. நடை: எதுவும் இல்லை.

காலையில் இவர் காலுறை மாட்டும்போது கேட்டேன். "ஹோபார்ட் எங்க இருக்கு?"

கை நின்றது. நிமிராமலே சொன்னார். "ஆஸ்திரேலியாவுக்குக் கீழ. ஒரு தீவு."

"குளிருமா?"

"நல்லாவே குளிரும்."

"எனக்கு ஏங்க சொல்லலை?"

"நீ கேக்கலையே, வேதா. ஒருநாளாவது, ஏங்க தினமும் அஞ்சு மணிக்கு எங்க போறீங்கன்னு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவ பேச்சை எடுத்தாலே நீ எழுந்து போய்டுவ. இப்ப எழுந்து போக முடியாம படுத்திருக்கும்போது சொல்றதும் எனக்கு நியாயமாப் படலை."

கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது. பெற்றவளிடம் சொல்லாமல் தேசம் விட்டுப் போகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"அன்னைக்குப் பெட்டியோட வாசல்ல நின்னாளாம். பத்து நிமிஷம் ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே நின்னாளாம். எங்கடி போறேன்னு அம்மா ஒரு வார்த்தை கேக்கலைங்கறா. இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்றா."

அந்த நாளை இதுவரை நான் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். அவளுக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு, அவளைக் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வந்தார்கள், அவள் கேசரி கொடுத்தாள், சிரித்தாள், அவர்கள் போனபின் அறைக்குள் போய்ப் பெட்டி கட்டினாள். நான் சோபாவில் உட்கார்ந்து அவள் ஷூ மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை வரை வந்தது அந்தக் கேள்வி. கோபத்தோடு போகிறாள், தனியாகப் போகிறாள், போகிற இடத்திலாவது நன்றாக இருக்கட்டும், நான் வாயை வைத்துக் கெடுக்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இதை இவரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்" என்றார் இவர். "இங்கயே பொறந்து வளந்த பிள்ளைக்குத் தெரியுமா?"

காலுறையை முட்டிவரை இழுத்துவிட்டுக் கோப்பி கலக்கப் போனார். திட்டுவதற்கு இவ்வளவு காரணம் இருந்தும் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. அதற்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

வலி நாலு. நடை: கோப்பிக் கடை வரை, கைத்தடியோடு.

இவர் போனை நீட்டி, "பேசு" என்றார். போனில் பேசுவதற்கா பதின்மூன்று மாதம் பேசாமல் இருந்தேன்? போனில் அவள் "ம்" என்பாள், நான் "ம்" என்பேன், அதோடு முடிந்துவிடும். அவள் காத்து நின்ற வாசலுக்கு ஈடாக அவள் வாசலில் போய் நான் நிற்க வேண்டும். அதுவும் என் காலால். பத்தொன்பதாம் தேதிக்குள்.

அக்டோபர் 3, வியாழன்

வலி ஐந்து. கோப்பிக் கடை தாண்டி முப்பது அடி. கோப்பிக் கடைக்காரர் தாமே நாற்காலியைத் தூக்கி வந்து நடைபாதையில் போட்டார். நன்றி, தவ்கே. தவ்கே என்றால் முதலாளி.

அக்டோபர் 7, திங்கள்

வலி ஆறு. நடை: நிலையத்துத் தூண் வரை. அங்கே நின்றுவிட்டேன்.

தூணிலிருந்து நிலையத்தின் மின்தூக்கிக்கு நாற்பது அடிதான். ஆனால் தரை லேசாக ஏறுகிறது. இவ்வளவு நாள் இந்த வழியாகப் போய்வந்தும் அங்கே ஏற்றம் இருப்பது எனக்குத் தெரியாது. கால் உள்ளவர்களுக்கு அது ஏற்றமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முட்டி வீங்கி, மாலை முழுக்க ஐஸ் பை.

பன்னிரண்டு நாள் இருக்கிறது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

வலி நாலு. நடை: நிலைய மின்தூக்கி வரை!

ஹுய் லிங்கிடம் ஏற்றத்தைப் பற்றிச் சொன்னேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில் என்றாள். இதை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "நீங்க கேக்கலையே, ஆண்ட்டி" என்றாள். நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

வலி மூன்று. நடை: நிலையம், மேல் நடைமேடை வரை, கைத்தடி மட்டும். இவர் பத்தடி பின்னால், தெரியாதவர் மாதிரி வந்தார்.

பூவரச மரத்தின் உச்சி நடைமேடைக்கு நேராக இருக்கிறது. காற்று நன்றாக வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வண்டிகளைப் பார்த்தேன், ஏறவில்லை. இவர் ஒரு சீட்டில் தெராத்தாய் புளோக் எண், மாடி, வீட்டு எண் எழுதிக் கொடுத்தார். அதை இந்த நோட்டில் செருகி வைத்திருக்கிறேன். புதன்கிழமை போகிறேன் என்றேன். "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். சொன்னால் வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்துவிடுவாள், எனக்குப் பேச்சு வராது.

அக்டோபர் 16, புதன்

வலி எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டது. நடையும் எண்ணவில்லை. ஹுய் லிங் மன்னிக்க வேண்டும்.

ஆறரைக்குக் கிளம்பினேன். இவர் வாசல்வரை வந்து, கைத்தடியை எடுத்துக் கொடுத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தூரமா?" என்றார். அடிக்கக் கை ஓங்கினேன். காக் ரொஹானி அந்நேரத்துக்கே செடியோடு நின்றிருந்தார்.

"பெகி மனா, வேதா?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நின்று பதில் சொன்னேன். "மக வீட்டுக்கு, காக்."

அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். கண் துடைக்கத்தான் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நடைமேடையில் வண்டி நின்றிருந்தது. கதவு மூடிவிடுமோ என்ற பயத்தில் ஏறிவிட்டேன். மூடிய பிறகுதான் தெரிந்தது, எதிர்ப்பக்கம் போகிற வண்டி. ஏழு வாரம் ஒவ்வோர் அடியாக எண்ணிப் பழகியவள் வண்டி மாறி ஏறினேன். வட்டப் பாதைதான், எப்படியும் சுற்றிக்கொண்டு தெராத்தாய்க்கு வந்து சேரும். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்து நிமிர்ந்தபோது எங்கள் புளோக் வந்துகொண்டிருந்தது. நாலாவது மாடியில் எங்கள் சமையலறைச் சன்னலைத் தேடினேன். துணி காயும் கம்பு தெரிந்தது, அடுத்த நொடி கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டது. நான் கையெழுத்து வாங்கிக் கேட்டது எனக்குக் கிடைத்திருக்கிறது. அறுவைக்கு முன்னாலிருந்தே தினமும் 7.40க்கு நான் அங்கே நிற்பது ஒரு மனிதருக்கும் தெரிந்திருக்காது.

கதவுக்கு மேலே பாதைப் படம் ஒட்டியிருந்தது. நேரம் போக வேண்டுமே என்று நிலையங்களை எண்ணினேன். தெராத்தாயிலிருந்து, சாரு வேலைக்குப் பெரிய ரயில் மாற வேண்டிய இன்டர்சேஞ்சுக்கு, அந்தப் பக்கமாகப் போனால் ஐந்து நிலையம். எங்கள் மெலோர் வழியாகப் போனால் ஏழு. மறுபடி எண்ணினேன். சாரு எந்தப் பக்கம் போகிறாள் என்று இவர் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: "காலைல நம்ம வீட்டைத் தாண்டித்தானே போறா." வேலைக்கு நேரமாகிறவள் எதற்குச் சுற்றுவழியில் போகிறாள்? அந்த வெள்ளைக் கண்ணாடிக்கு அப்பால் அவளும் இந்தப் பக்கம் நானும், வருஷம் முழுக்க நின்றிருக்கிறோம். எனக்கு இடம் கொடுத்த பெண் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, சந்தோஷம் என்றேன். நம்பியிருக்க மாட்டாள்.

தெராத்தாயில் இறங்கி, சீட்டைக் காட்டி வழி கேட்டு, ஒன்பதாவது மாடிக்குப் போனபோது ஏழு இருபது. மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. சாரு. வேலைச் சீருடை, தோளில் பை, ஒரு காலில் ஷூ. இளைத்துத்தான் இருந்தாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள்.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. நான் ஏன் அன்று கேட்கவில்லை, நம் வழக்கம் என்ன, உனக்குத் தெரிய நியாயமில்லை என்றெல்லாம். அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

"எங்கடி போற?" என்றேன்.

அவள் என் கைத்தடியைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். "வேலைக்கு."

"அது இல்ல. நீ எங்க போற?"

அவள் உதடு துடித்தது. என் அம்மாவுக்கும் அப்படித்தான் துடிக்கும்.

"கேட்டா போற காரியம் ஆகாதுன்னுதான் அன்னைக்குக் கேக்கலை" என்றேன். "உனக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தோணலை. தெரிஞ்சிருந்தா—"

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"கிளம்பும்போது கேக்கக் கூடாதுன்னு தெரியும். அந்த வீட்லதானே வளந்தேன்? பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்டாலே மூஞ்சியச் சுளிப்பீங்க." பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சுதான் நின்னேன். எனக்காக ஒரே ஒரு தடவ அதை விட்டுட்டுக் கேப்பீங்களான்னு பாத்தேன். கட்டின லேஸையே திரும்பத் திரும்ப அவுத்துக் கட்டினேன்."

அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதது எனக்குத்தான். முப்பத்திரண்டு வருஷம் வளர்த்த பிள்ளை, சகுனம் கெட்டாலும் பரவாயில்லை, அம்மா கேட்டால் போதும் என்று நின்றிருக்கிறாள். நான் அவள் காரியத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தப்புத்தான்டி" என்றேன். "அந்த மாப்பிள்ளை விஷயத்துலயும் உன்னைக் கேக்காம செஞ்சது தப்புத்தான்." இந்த வாக்கியத்தை என் வாயால் சொல்வேன் என்று என் கணவர் சத்தியம் செய்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நான் வழிவிட்டு நகர்ந்தேன். வண்டியை விட்டுவிடுவாள், கூடவே நிலையம்வரை நடந்தால் அது போதும் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. போட்டிருந்த ஒரு ஷூவையும் கழற்றினாள்.

"வாசல்ல வெச்சு எங்க போறேன்னு கேட்டுட்டீங்க" என்றாள். "இனி எப்படிம்மா உடனே கிளம்பறது? உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போகணும். நீங்கதானே சொல்வீங்க."

உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒரு பெட்டியை நகர்த்தி என் காலை நீட்ட இடம் பண்ணினாள். வேலையிடத்துக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொன்னாள். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரை அவ்வளவு மெதுவாகக் குடித்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

பிறகு எங்கே போகிறாள் என்று சொன்னாள். மருத்துவமனையின் பெயர், அது இருக்கும் தெரு, தங்கப் போகிற வீடு மேட்டில் இருப்பது, சன்னலிலிருந்து மலை தெரியுமாம், அந்த மலையில் பனி விழுமாம், பேருந்து அரை மணிக்கு ஒன்றுதானாம், வீட்டுக்காரிக்கு வயதான நாய் ஒன்று இருக்கிறதாம். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.